கம்பெனி கைமாறுகிறதா? ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்

பத்தொன்பது வருஷம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருந்தேன். அது இரண்டு தடவை கைமாறியது. முதல் தடவை எல்லோரிடமும் ஒரு தாளை நீட்டினார்கள். ஒரே வரிதான்: 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்.' கூடவே புது முதலாளியின் வேலை உத்தரவு, மறுநாள் தேதியிட்டு. மேசை போட்டு உட்கார்ந்து அந்தக் கையெழுத்துகளை வாங்கியவன் நான்தான்.

முதலில், என்ன விற்கிறார்கள் என்று கேளுங்கள். பங்குகள் மட்டும் கைமாறினால் உங்கள் முதலாளி அதே கம்பெனிதான். புது உத்தரவுக்கு வேலையே இல்லை. தொழிற்சாலையையே வேறு கம்பெனிக்கு விற்றால்தான் சட்டம் உள்ளே வருகிறது. தொழிற்சாலை கைமாறும்போது தொழிலாளிக்கு இழப்பீடு தரச் சொல்லி 1947 தொழிற்தகராறு சட்டத்தில் 25எஃப்எஃப் என்று இருந்த பிரிவு, 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் தொடர்கிறது.

எழுத்தில் வாங்க வேண்டியவை மூன்று. சர்வீஸ் அறுபடாது, சம்பளமும் சலுகைகளும் குறையாது, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் பழைய சேர்ந்த தேதியிலிருந்தே கணக்கிட்டு இழப்பீடு தருவோம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஆட்குறைப்பு செய்தது போலவே இழப்பீடு உண்டு: ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். சம்மதமில்லாமல் ஒருவரைப் புது நிர்வாகத்தின் கீழே தள்ள முடியாது என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. மேனேஜர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

ராஜினாமா எழுதிவிட்டால்? கிராஜுவிட்டியை, அதாவது ஐந்து வருஷம் முடித்தவருக்கு வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையைப் பாருங்கள். பேசிக், டிஏ சேர்த்து 18,200 ரூபாய், 11 வருஷ சர்வீஸ் என்றால் 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 11ஆல் பெருக்க 1,15,500. அவர் வாங்கிக்கொண்டு போவார். மூன்றரை வருஷமான நிரந்தரத் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை. ஐந்து வருஷக் கணக்கு அவருக்குப் புது இடத்தில் பூஜ்யத்திலிருந்து.

பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷனில்தான் நிறையப் பேர் ஏமாந்தார்கள். எங்கள் லேத் செக்‌ஷன் அண்ணன் ஒருவர் எட்டு வருஷ பென்ஷன் பணத்தை ஃபார்ம் 10சி போட்டு எடுத்து, வீட்டுக்குக் கூரை மாற்றினார். புது நிர்வாகத்தில் 9 வருஷம் 2 மாதம் பார்த்துவிட்டு 58 வயதில் வந்து நின்றார். சேர்த்தால் 17 வருஷம். எடுத்துவிட்டதால் அந்த எட்டு கணக்கில் இல்லை. மாதப் பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். ஒன்பதரை இருந்திருந்தால்கூடப் பத்தாக எடுத்துக்கொள்வார்கள். "நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

அதனால் பென்ஷன் பணத்தில் கை வைக்காதீர்கள். கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்தான் யுஏஎன்; அதே எண்ணிலேயே தொடருங்கள். கைமாறும் முன்பே பிஎஃப் பாஸ்புக்கை மாதம் மாதமாகச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத மாதம் இருந்தால் அந்த பாக்கிக்குப் பழையவர், புதியவர் இருவருமே பொறுப்பு. புதியவருக்கு மட்டும், வாங்கிய சொத்தின் மதிப்பு வரை என்று வரம்பு உண்டு. சர்வீஸ் ஹிஸ்டரியில் பழைய கம்பெனி விலகிய தேதி போட்டிருந்தால், அடுத்த சேர்ந்த தேதி மறுநாளேயா என்று பாருங்கள்.

இரண்டாம் தடவை கைமாறியபோது அதே ஒற்றை வரித் தாள் மறுபடி வந்தது. இந்த முறை மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூன்று விஷயத்தையும் கடிதமாகக் கேட்டோம். பதினோரு நாள் இழுத்தடித்து, கம்பெனி முத்திரையோடு தந்தார்கள்.