குடல் அலை என்று மூச்சை அளக்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவன் ஒருநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணா, சிறுகுடல் அலை கெடச்சிருச்சு! நிமிஷத்துக்கு 13." பார்க்க அழகாகத்தான் இருந்தது. வயிற்றில் எலெக்ட்ரோடுடன் படுத்திருந்த அவன் நண்பனிடம், "தம்பி, 20 விநாடி மூச்சைப் பிடி" என்றேன். அலையும் படுத்துவிட்டது. மூச்சு விட்டதும் எழுந்துகொண்டது.

வயிற்றுத் தோலில் எலெக்ட்ரோடு ஒட்டிக் குடலின் மின் அலையைப் பதியும் இந்த வேலையில் முதலில் விழும் குழி இதுதான். இரைப்பையின் மெதுவலை, அதாவது அதன் தசையில் மெதுவாக ஏறி இறங்கும் மின் அலை, நிமிடத்துக்குச் சுமார் 3. சிறுகுடல் தொடங்கும் இடத்தில் 12, முடியும் இடத்தில் 8. சும்மா இருக்கும்போது நாம் மூச்சு விடுவதும் 12 முதல் 20 வரை. இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஃபில்டர் எதைப் பிரிக்கும்? மார்பில் ஒரு பட்டை கட்டி மூச்சையும் சேர்த்தே பதியுங்கள். இன்னொரு வேஷதாரியும் உண்டு: இரைப்பை அலை சுத்தமான சைன் அலை அல்ல, அதனால் அதன் மடங்குகளும் தனி அலைபோலத் தெரியும், 3-இன் நான்கு மடங்கு சரியாக 12-இல் வந்து நிற்கும்.

சிலர் இசிஜி பெட்டியை அப்படியே வயிற்றில் மாட்டுவார்கள். அது பெரும்பாலும் 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். நிமிடத்துக்கு 12 துடிக்கும் சிறுகுடலே 0.2 ஹெர்ட்ஸ்தான். கஞ்சியை வடித்து ஊற்றிவிட்டுக் கஞ்சி எங்கே என்று தேடுகிற கதை.

வாளையாற்று வெயிலில் வியர்த்து எலெக்ட்ரோடு நகர்ந்தாலும் கோடு மெதுவாக ஏறி இறங்கும். அதையும் நம்பாதீர்கள். ஐந்து நிமிடப் பதிவில் இரைப்பை அலை பதினைந்துதான் கிடைக்கும். வெறும் வயிற்றில் அரை மணி, சாப்பிட்டபின் அரை மணியாவது வேண்டும். சாப்பாடும் எல்லாருக்கும் ஒன்றே. நாங்கள் கொடுப்பது இரண்டு ராமசேரி இட்லி. பொடிக்கு எண்ணெயை அளந்துதான் ஊற்றுவோம், கொழுப்பு கூடினால் இரைப்பை காலியாக நேரமாகும்.

சரி, குடல் அலையைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் மாடலுக்கு வருவோம். மெதுவலை வந்தாலே குடல் சுருங்கிவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். மெதுவலையைக் கிளப்பும் குடல் சுவரின் கஹால் செல்கள் தாளம் மட்டுமே போடுகின்றன. அலையின் உச்சியில் ஸ்பைக்குகள் என்னும் வேகமான மின் துடிப்புகள் கிளம்பினால்தான் தசை சுருங்கும்.

அதைவிடப் பெரிய தவறு, குடல் முழுவதற்கும் ஒரே அதிர்வெண் கொடுப்பது. குடலைத் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் தன் வேகத்தில் துடிக்கும். சேர்ந்திருக்கும்போது பக்கத்துத் துண்டுகளை வேகமானது இழுத்துக்கொண்டு ஓடும், ஓரிடத்தில் பிடி நழுவி அடுத்த படிக்கு இறங்கும். 1969-இல் டயமன்ட், போர்ட்டாஃப் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் பூனைக் குடலில் காட்டியது இதைத்தான். நம் மாணவன் தன் மாடலில் துண்டுகளுக்கு இடையிலான பிணைப்பை அதிகமாக வைத்ததில் 12 கடைசிவரை ஓடியது. குறைத்ததும் படிகள் வந்தன.