மாப்பிள்ளைக்கு மனதில் ஈரம் இருக்கா என்று பார்ப்பது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில் கலியாணம் பேசிக் கொடுக்கிறேன். படிப்பு, வேலை, சீதனம் எல்லாவற்றையும் பெற்றோர் துருவித் துருவிக் கேட்கிறார்கள். மற்றவரை நோகப் பண்ணி ருசி காண்கிற ஆளா என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் யார் ஓம் என்பார்கள்? நாங்களாகப் பார்த்துத்தான் அறிய வேணும்.

முதல் சந்திப்பைக் கோயிலோடு முடிக்காதீர்கள். பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நிற்கும்போது எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான். பிறகு ஒரு சைவக் கடைக்குக் கூட்டிப் போங்கள். சனம் நிறைந்த நேரமாக இருந்தால் நல்லது. சாப்பாடு கொஞ்சம் சுணங்கட்டும்.

அப்படி ஒரு கடையில் மேசை துடைக்கிற சின்னப் பெடியன் தேத்தண்ணியைத் தட்டி ஊற்றிவிட்டான். மாப்பிள்ளை கத்தவில்லை. சிரித்தபடி, "ஒழுங்காப் படிச்சிருந்தால் ஏன் தம்பி இந்த வேலைக்கு வாறாய்?" என்றார். பெடியன் தலை நிமிராமல் துடைத்தான். மாப்பிள்ளையோ நாங்கள் சிரிக்கிறோமா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "அவன் சரியான பகிடிக்காரன்" என்றா தாய். அந்தப் பார்வையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கோபக்காரன் கத்துவான், ஆறுவான், மன்னிப்பும் கேட்பான். அவனோடு வாழலாம்.

கதை கொடுத்தும் பாருங்கள். தெரிந்த ஒருவர் வியாபாரத்தில் நொடித்துப் போனதைச் சொல்லுங்கள். "இப்ப என்ன செய்யினம்?" என்கிறாரா, "அவருக்கு வேணும்" என்கிறாரா? ஓட்டோக்காரரோடு பேரம் பேசுவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். காசில் இறுக்கமான எத்தனையோ பேர் மனுசியைப் பொன்போல வைத்திருக்கிறார்கள். அவருடைய பகிடியால் தங்கச்சி நொந்து முகம் சுருங்கும்போது நிறுத்துகிறாரா, இன்னொன்று சொல்கிறாரா என்று பாருங்கள்.

மகளிடம் தனியாகக் கேளுங்கள்: "அவரோட கதைச்சு முடிச்சாப் பிறகு உனக்கு எப்படி இருந்தது?" கதைக்கக் கதைக்கத் தன் நிறத்தையும் படிப்பையும் குறைவாக நினைக்கிறாள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

கட்டிக் கொடுத்த பிறகுதான் மாப்பிள்ளையின் குணத்தை அறிந்த பெற்றோரும் "பொறுத்துப் போ" என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் பார்ப்பதில்லை. கடுமையாக இழிவுபடுத்தி மனதை வதைப்பதும் அதற்குள் வரும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு எடுத்தால் வழி சொல்வார்கள்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் சாதகக் குறிப்பைத் தரகரிடம் திருப்பிக் கொடுங்கள். பதில் சொல்வது தரகரின் வேலை. அந்த மாப்பிள்ளை போன் எடுத்து விளக்கம் கேட்டாலும், பிள்ளை கதைக்கத் தேவையில்லை.