கண்மாய் வேலைக் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி? முதல் ஆர்.டி.ஐ. மனு எழுதுபவர்களுக்கு

உங்கள் ஊர்க் கண்மாயில் வேலை நடந்ததாக ஒரு பலகை நிற்கிறது. கரை பலப்படுத்துதல், மடை புதுப்பித்தல், மதிப்பீடு இத்தனை லட்சம் என்று எழுதியிருக்கிறது. கரையில் ஏறிப் பார்த்தால் சீமைக்கருவேலம் அப்படியே நிற்கிறது; மடையில் பழைய கல்தான் கிடக்கிறது. டீக்கடையில் இதை ஒரு மணி நேரம் பேசலாம். பத்து ரூபாய் செலவழித்தால் கணக்கையே கையில் வாங்கிப் பார்க்கலாம். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் இருந்தாலும் வழி ஒன்றுதான்.

ஆர்.டி.ஐ. என்று சொல்லும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தின் வரலாறு இப்போதைக்கு இது போதும், வேலைக்கு வருவோம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கிறோமே, அது புகார் மனு. "நடவடிக்கை எடுங்கள்" என்று அதில் கேட்கலாம். ஆர்.டி.ஐ. மனு அப்படி இல்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் காகிதத்தின் நகலைத்தான் இதில் கேட்க முடியும். இல்லாத தகவலைப் புதிதாகத் தயாரித்துத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-ல் சொல்லிவிட்டது. அதனால் "ஏன் மடை கட்டவில்லை?", "பணம் எங்கே போனது?" என்றெல்லாம் எழுதினால், "தங்கள் மனு கேள்வி வடிவில் உள்ளது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். கோபத்தை டீக்கடையிலேயே இறக்கி வைத்துவிட்டு, எந்தக் காகிதம் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். பாதி மனுக்கள் படுத்துப்போவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

கண்மாய் யாருடையது?

ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். நம் பேச்சில் யூனியன் ஆபீஸ். பலகையிலேயே துறையின் பெயர் இருக்கும், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டாலும் மனு வீணாகாது. 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பிரிவு 6(3) அதைத்தான் சொல்கிறது.

மனு

வெள்ளைத்தாளில் கையால் எழுதினால் போதும். தமிழில் தாராளமாக எழுதலாம். மாதிரி இதோ:

*அனுப்புநர்: உங்கள் பெயர், முகவரி*
*பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், அலுவலகத்தின் பெயர், ஊர்*
*பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் தகவல் கோருதல்*
*ஐயா / அம்மையீர்,*
*……… வட்டம், ……… கிராமம், ……… கண்மாயில் 2024-25 நிதியாண்டில் நடந்த பணி தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களை வழங்கவும்:*
*1. நிர்வாக அனுமதி ஆணை*
*2. மதிப்பீடு, முழுவதும்*
*3. வேலை உத்தரவும் ஒப்பந்தமும்*
*4. அளவுப் புத்தகத்தில் இப்பணிக்குரிய பக்கங்கள்*
*5. பணம் வழங்கப்பட்ட பில்கள்*
*6. இந்தக் கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும் தெரிவிக்கவும்.*

கீழே தேதி, கையெழுத்து. அவ்வளவுதான். அலுவலரின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பதவியே போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டாம். அவர்களும் கேட்கக் கூடாது.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். மனு ஒரு தனி ஆளின் பெயரில் இருக்கட்டும். உரிமை குடிமக்களுக்கு என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. "ஊர்ப் பொதுமக்கள்" என்றோ விவசாயிகள் சங்கத்தின் லெட்டர் பேடிலோ அனுப்பினால், அதையே சாக்காக வைத்துத் திருப்பிவிடுவார்கள். இன்னொன்று, ஒப்பந்ததாரரின் சொத்து, அலுவலரின் விடுப்பு என்று தனி ஆட்களைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனி ஆட்களின் தகவலைத் தர மறுக்கலாம் என்ற விலக்கை இன்னும் அகலமாக்கிவிட்டது. வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

சின்ன ஊரில் பெயர் போட்டு எழுதத் தயக்கமாக இருக்கும்தான். தொடர்பு கொள்ளத் தேவையானதற்கு மேல் எந்த விவரமும் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அஞ்சல் பெட்டி எண் கொடுத்தால் வீட்டு முகவரியை வற்புறுத்த வேண்டாம் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. மதுரைக்குள் இருக்கும் ஒரு சொந்தக்காரரின் முகவரியைக் கொடுப்பது அதைவிடச் சுலபம்.

பத்து ரூபாயும் தபாலும்

கட்டணம் 10 ரூபாய். கோர்ட் வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) வாங்கி மனுவிலேயே ஒட்டிவிடுவதுதான் நடைமுறையில் எளிது. கோர்ட் பக்கம் உள்ள முத்திரைத்தாள் விற்பவர்களிடம் கிடைக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று நகலை இணைத்தால் போதும். நேரில் கொடுத்தால் இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தபால் என்றால் ஸ்பீடு போஸ்ட். பழைய பதிவுத் தபாலை 2025-ல் அதோடு சேர்த்துவிட்டார்கள். ரசீதை மனுவின் நகலோடு பின் செய்து வையுங்கள்.

30 நாள்

மனு அங்கே போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வேறு அலுவலகத்துக்கு மாற்றியிருந்தால் 35 நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில், "இத்தனை பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டவும்" என்று ஒரு கடிதம் வரலாம். உடனே கட்டிவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் கட்டும்வரை அந்த 30 நாள் கடிகாரம் நின்றுவிடும். பக்கம் நூற்றுக்கணக்கில் போனால் முதலில் நேரில் போய்க் கோப்பைப் பாருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வேண்டிய பக்கத்தைக் குறித்துக்கொண்டு அதற்கு மட்டும் பணம் கட்டலாம்.

பதிலே வரவில்லை, அல்லது வந்த பதில் மழுப்பல் என்றால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் எழுத வேண்டும். கட்டணம் கிடையாது. "இன்ன தேதியில் மனு, இன்ன தேதியில் போய்ச் சேர்ந்தது, 30 நாள் கடந்தது, பிரிவு 7(6)-ன்படி நகல்களை இலவசமாக வழங்க உத்தரவிடவும்" என்று நான்கு வரி போதும். மறுக்கிறார்கள் என்றால் எந்தப் பிரிவில் மறுக்கிறோம் என்று எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் அதையும் சுட்டிக்காட்டுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பெரும்பாலும் முதல் மேல்முறையீட்டிலேயே காகிதம் அசையும்.

கட்டு வந்துவிட்டது, இனி?

எல்லாவற்றையும் புரட்டிக் களைத்துப் போகாதீர்கள். அளவுப் புத்தகத்தை எடுங்கள். ஆபீஸில் எம் புக் என்பார்கள். என்ன வேலை, எத்தனை நீளம், அகலம், உயரம் என்று பொறியாளர் அளந்து எழுதிய கணக்கு அது. அதை வைத்துத்தான் பில் போடுகிறார்கள். கரை பலப்படுத்தியது 400 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்று இருந்தால் 1,200 கன மீட்டர் மண் போட்டிருக்க வேண்டும். மதிப்பீட்டில் அதே வரியைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் பில்லில் பாருங்கள். அளந்த தேதியையும் வேலை உத்தரவின் தேதியையும் ஒப்பிடுங்கள். வேலை உத்தரவுக்கு முந்தைய தேதியில் அளவு பதிவாகியிருந்தால் விளக்கம் சொல்ல வேண்டியது அவர்கள்.

இதற்குப் பிறகு எழுதுவதுதான் புகார் மனு. நகல்களை இணைத்துத் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கலாம், கிராம சபையிலும் எடுத்து வைக்கலாம். அதற்கு முன்னால் ஒரு டேப்பும் இரண்டு ஆளும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய் நீங்களே அளந்துவிடுங்கள். இதற்காகத்தான் மனுவை ஆடிக்குள் போட்டுவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்துவிட்டால் எத்தனை அடி தூர் எடுத்தார்கள் என்று அளக்கக் கோடைவரை காத்திருக்க வேண்டும். அதற்குள், "மழையில் மண் வந்து மூடிவிட்டது" என்ற பதிலும் தயாராகிவிடும்.