ஃபிட்டான கிளையன்டுக்கு 20 நிமிட சர்க்யூட்: எங்கே சறுக்குகிறோம்?

ஒருவரை 20 நிமிடத்தில் தரையில் படுக்கவைக்கப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். 100 பர்பி (குனிந்து தரையில் படுத்து எழுந்து குதிப்பது) போடச் சொன்னால் போதும். நல்ல உடற்தகுதி உள்ள கிளையன்டுக்கு முழு உடல் சர்க்யூட் (சில பயிற்சிகளை வரிசையாகச் செய்து, அதே வரிசையை ரவுண்டு ரவுண்டாகத் திரும்பச் செய்வது) எழுதும்போது பயிற்சியாளர்களான நாம் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் கிளம்புகின்றன. மூச்சு வாங்கியது, வியர்வை கொட்டியது, ஆகவே பயிற்சி வேலை செய்தது என்று நம்பிவிடுகிறோம். புதிதாக வருபவருக்கு எதைக் கொடுத்தாலும் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரியும். பழகிய உடம்பு அப்படி ஏமாறாது. களைப்பு எங்கே வருகிறது, எதனால் வருகிறது என்று பார்த்துத்தான் அவருக்கு எழுத வேண்டும்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, எதில் ஃபிட் என்பதை. மாரத்தான் ஓடுபவரும் ஃபிட்தான், தன் எடையைப்போல இரு மடங்கு டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைத் தூக்கி நிமிர்வது) போடுபவரும் ஃபிட்தான். இருவர் கையிலும் ஒரே தாளைக் கொடுத்தால் ஒருவர் சும்மா உலாவிவிட்டுப் போவார், இன்னொருவர் இரண்டாவது ரவுண்டிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓட்டக்காரருக்கு நாடித்துடிப்பு சட்டென்று இறங்கிவிடும், 20 விநாடி ஓய்வே தாராளம். ஆனால் தலைக்கு மேல் எடை தூக்குவதில் அவர் முழுப் புதியவராக இருக்கலாம். எடை தூக்குபவர் கையாளும் சுமையே அதிகம் என்பதால் ஒவ்வொரு செட்டும் அவரிடமிருந்து கூடுதலாகப் பிடுங்கிக்கொள்ளும். அதே 20 விநாடி அவருக்குப் பத்தாது.

இதில் ஆபத்தான பக்கம் ஒன்றும் உண்டு. நுரையீரலும் இதயமும் நன்றாகப் பழகிய ஒரு சைக்கிள்காரர், பல மாதமாக புல்-அப் கம்பியின் பக்கமே போகாதவர் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஏறி மெதுவாக இறங்கும் புல்-அப்களை ரவுண்டு ரவுண்டாகக் கொடுத்தால் மூச்சு அவரை நிறுத்தாது. வலியைத் தாங்கிப் பழகியவர் என்பதால் அவராகவும் நிறுத்த மாட்டார். புதியவர் இந்த இடத்தில் தானே விட்டுவிடுவார், இவர் விடமாட்டார். பழகாத தசை அளவுக்கு மீறிச் சிதைந்தால் ராப்டோமயோலிசிஸ் வரை போகலாம். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடிய நிலை அது. கடுமையான வலி, வீக்கம், பால் கலக்காத டீ நிறத்தில் சிறுநீர் என்று கிளையன்ட் சொன்னால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 'தசை வலிதான், இரண்டு நாளில் சரியாகிவிடும்' என்று ஆறுதல் சொல்லும் நேரம் இல்லை. அவர் எவ்வளவு ஃபிட்டாக இருந்தாலும் அவர் உடம்புக்குப் புதிதான அசைவை முதல் வாரம் ஒரே ரவுண்டோடு நிறுத்துவது நல்லது.

அடுத்து, இழுக்கும் பயிற்சியே இல்லாத 'முழு உடல்'. உபகரணம் எதுவும் வேண்டாம் என்று முடிவுசெய்யும்போதே இந்தத் தவறு உள்ளே வந்துவிடுகிறது. 2013-இல் பிரெட் கிளிகாவும் கிறிஸ் ஜோர்டனும் எழுதிய, பிறகு உலகம் முழுக்கப் பரவிய 7 நிமிட சர்க்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 12 பயிற்சிகள், ஒவ்வொன்றும் 30 விநாடி, நடுவே 10 விநாடி ஓய்வு. புஷ்-அப், டிரைசெப்ஸ் டிப், உடலைத் திருப்பும் புஷ்-அப் என்று தள்ளுவதில் மட்டும் மூன்று இருக்கின்றன. இழுப்பதில் ஒன்றுகூட இல்லை. இடுப்பை மடித்துத் தூக்கும் டெட்லிஃப்ட் வகையும் இல்லை. பயணத்தில், ஹோட்டல் அறையில் ஒரு நாள் செய்ய அது போதும். வாரம் மூன்று நாள் உங்களிடம் வருபவருக்கு அதையே கொடுத்தால் மேல்முதுகுக்கும் தொடையின் பின்பக்கத்துக்கும் வேலை கிடைக்காமல் போகும். ஒரு கம்பியோ, தொங்கும் பட்டையோ, ஒரு ஜோடி டம்பெல்லோ இருந்தால் இது தீர்ந்துவிடும். ஸ்குவாட் வகையில் ஒன்று, இடுப்பு மடக்குவதில் ஒன்று, தள்ளுவதில் ஒன்று, இழுப்பதில் ஒன்று. இந்த நான்கும் உட்கார்ந்த பிறகு மீதியை உங்கள் ஆசைப்படி சேருங்கள்.

சரி, நான்கும் இருக்கிறது. ஆனால் எந்த வரிசையில்? நான் அதிகமாகப் பார்க்கும் கோளாறு இதுதான். டெட்லிஃப்ட், டம்பெல் ரோ (குனிந்து நின்று எடையை உடலை நோக்கி இழுப்பது), கெட்டில்பெல் ஸ்விங் (கைப்பிடி வைத்த எடையை இடுப்பின் விசையால் வீசுவது), அப்புறம் இரண்டு கையிலும் எடையோடு நடை. தனித்தனியாகப் பார்த்தால் நான்கும் நல்ல பயிற்சிகள். அடுத்தடுத்து வைத்தால் முதலில் தோற்பது கைப்பிடி. காலிலும் முதுகிலும் இன்னும் பாதி பலம் மிச்சம் இருக்கும்போதே விரல்கள் விட்டுவிடும். கிளையன்ட் எடையைக் குறைப்பார், அன்றைய பயிற்சி முன்கைப் பயிற்சியாக முடியும். கைப்பிடியைப்போலவே திருட்டுத்தனமாகக் களைக்கும் இன்னொரு இடம் கீழ்முதுகு. டெட்லிஃப்ட்டுக்குப் பிறகு குனிந்த நிலையில் ரோ, அதற்குப் பிறகு ஸ்விங் என்று வந்தால் நடுவில் அதற்கு ஓய்வே கிடையாது. புஷ்-அப், பிளாங்க், மவுண்டன் கிளைம்பர் என்று தொடர்ந்தால் தோளின் முன்பக்கத்துக்கும் இதே கதி.

மேலுடல், கீழுடல் என்று மாற்றி மாற்றிப் போவது பழைய யோசனைதான். பாடிபில்டர் பாப் காஜ்டா 1960-களில் அதைப் பிரபலமாக்கினார். அது பாதித் தீர்வுதான். மேல், கீழ் என்று மாறினாலும் இரண்டிலும் கை எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் பயன் இல்லை. எழுதி முடித்ததும் பட்டியலை ஒருமுறை கைப்பிடிக்காக மட்டும் படித்துப் பாருங்கள், இன்னொருமுறை கீழ்முதுகுக்காக மட்டும். உதாரணத்துக்கு: டம்பெல்லை மார்போடு பிடித்த ஸ்குவாட், புல்-அப், ஒற்றைக்கால் டெட்லிஃப்ட், புஷ்-அப், ஸ்டெப்-அப், கடைசியாக எடையோடு நடை. கை ஓய்ந்தாலும் அது கடைசியில்தான் ஓயும்.

நேரக் கணக்கில் தவறுவது சின்ன விஷயம், ஆனால் எங்கும் நடக்கிறது. 40 விநாடி வேலை, 20 விநாடி ஓய்வு என்றால் ஒரு பயிற்சிக்கு ஒரு நிமிடம். 10 பயிற்சி, 3 ரவுண்டு என்று எழுதினால் 30 நிமிடம் ஆகிவிடும், 20-க்குள் அடங்காது. 6 பயிற்சி, 3 ரவுண்டு, ரவுண்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் என்றால் சரியாக 20. வார்ம்-அப் இதற்கு வெளியே. அந்த 20 விநாடி ஓய்வில்தான் கிளையன்ட் நடந்துபோய், எடை மாற்றி, நின்று தயாராக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ஆறு இடம், ஆறு எடை என்று சிதறவிடாமல் ஒரு மூலையில் இரண்டு ஜோடி டம்பெல்லோடு முடித்துக்கொள்வது எவ்வளவோ மேல். ஒற்றைக்கால் பயிற்சிக்கு 40 விநாடியைப் பாதியாகப் பிரிப்பதா, ரவுண்டுக்கு ஒரு கால் என்று மாற்றுவதா என்பதையும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.

ஓய்வைக் குறைத்தால் பயிற்சி கடினமாகும் என்று நினைப்பது அரை உண்மை. கனமான தூக்கலுக்குத் தசை நம்பியிருக்கும் உடனடி எரிபொருளான பாஸ்போகிரியேட்டின் பாதி திரும்பவே ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும், முழுதாகத் திரும்பச் சில நிமிடங்கள். ஓய்வை 10 விநாடியாக்கினால் எடை தானாகவே இறங்கும். இதயத்துடிப்பு ஏறும், வலிமைக்கான தூண்டுதல் குறையும். தபாட்டா என்ற பெயரை நாம் படுத்தும் பாடு தனி. 1996-இல் இசுமி தபாட்டா குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 20 விநாடி வேலை, 10 விநாடி ஓய்வு என்ற முறை சைக்கிள் எர்கோமீட்டரில் (உழைப்பை அளக்கும் நிலையான சைக்கிளில்) செய்யப்பட்டது. அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாட்டின் சுமார் 170 சதவீதத் தீவிரத்தில், ஏழெட்டு சுற்றில் ஆள் ஓய்ந்துபோகும் அளவுக்கு. பிளாங்க்குக்கும் வயிற்றுப் பயிற்சிக்கும் அதே டைமரைப் போட்டால் டைமர் மட்டும்தான் தபாட்டாவுடையது. இன்றைய சர்க்யூட் வலிமைக்கா, தாக்குப்பிடிக்கும் திறனுக்கா என்று முதலில் முடிவுசெய்யுங்கள். ஓய்வு எவ்வளவு என்பதை அது சொல்லும்.

டைமரை எல்லாவற்றுக்கும் போடுவதும் வேண்டாம். கனமான டெட்லிஃப்ட்டுக்கு 40 விநாடி வைத்தால் ஃபிட்டான ஆள் எத்தனை ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) முடியும் என்று பந்தயம் ஓடுவார், ஃபார்ம், அதாவது சரியாகச் செய்யும் விதம், போய்விடும். எடை உள்ளதற்கு ரெப் எண்ணிக்கை, நடைக்கும் பிளாங்க்குக்கும் சைக்கிளுக்கும் நேரம் என்று பிரியுங்கள். பாக்ஸ் ஜம்ப் (பெட்டிமேல் குதிப்பது), ஸ்னாட்ச் (எடையை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) போன்றவை மூன்றாவது ரவுண்டில் வரக்கூடாது. கால் களைத்தபின் பெட்டியின் விளிம்பில் முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொள்வது சாதாரணமாக நடப்பது. களைப்பின் உச்சத்தில் செய்யவேண்டியது, தவறினாலும் ஒன்றும் ஆகாத ஒன்று: ஸ்லெட் தள்ளுவது, ரோயிங் மெஷின், மெடிசின் பாலைத் தரையில் அறைவது.

கிளையன்டுக்குச் சலிப்பு வரக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் புது சர்க்யூட் எழுதுபவர்களுக்கு ஒரு கேள்வி: அவர் போன மாதத்தைவிட முன்னேறினாரா என்பதை எதைவைத்துச் சொல்வீர்கள்? ஒரே சர்க்யூட்டை நான்கு வாரமாவது ஓடவிடுங்கள். முதல் ரவுண்டு ரெப்பையும் கடைசி ரவுண்டு ரெப்பையும் குறித்துவையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கினால் எடையைக் கூட்டலாம். எடையைக் கூட்டிய வாரமே ஓய்வையும் குறைக்காதீர்கள், எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது. சலிப்புக்கு மருந்தாகக் கடைசிப் பயிற்சியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஃபிட்டானவர்கள் உங்களிடம் மட்டும் பயிற்சி செய்வதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். நாளை நீண்ட ஓட்டம் வைத்திருப்பவருக்கு இன்று ஜம்பிங் லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்து இறங்கி, குதித்துக் கால் மாற்றுவது) கொடுத்தால் தொடை வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும், அதாவது அவர் ஓடும்போது. வார்ம்-அப் நடக்கும்போதே நேற்று என்ன செய்தார், நாளை என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுவிட்டால், லஞ்ச்சுக்குப் பதில் ஸ்டெப்-அப் என்று அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.