பெருந்தொற்றுக் காலத்தில் முதியோருக்கான மறுவாழ்வுச் சிகிச்சை

நலமாக இருக்கும் முதியவர்கள்கூடப் பத்து நாள் படுத்தே இருந்தால் கால்களின் தசையில் ஏறத்தாழ 1 கிலோவை இழக்கிறார்கள் என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால், கோவிட் போன்ற தொற்று முழுவதும் தணியட்டும் என்று, இழந்த வலிமையையும் நடமாட்டத்தையும் மீட்கும் மறுவாழ்வுச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. நோயாளியின் நிலை சீரானதும், மருத்துவரின் ஒப்புதலோடு, கணுக்காலை அசைப்பதிலும் படுக்கையின் விளிம்பில் உட்காருவதிலும் அது தொடங்கிவிட வேண்டும். தொற்றே வராமல் ஊரடங்கில் முடங்கிக் கிடந்தவர்களுக்கும் இச்சிகிச்சை தேவைப்படலாம். அவர்களைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் இயன்முறை மருத்துவரிடம் நடையையும் சமநிலையையும் சோதிக்கச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் அபாயம் உண்டு என்று கொள்ள வேண்டும். செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தப்பட்டிருந்தவருக்கு விழுங்கும் திறனையும் பரிசோதிப்பது அவசியம். மூக்குக் கண்ணாடியும் காதுக்கருவியும் எப்போதும் நோயாளியின் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; இவை இல்லாமல் முகக்கவசம் அணிந்தவர்களிடையே இருக்கும் முதியவருக்கு மனக்குழப்பம் எளிதில் கூடிவிடும்.

வீட்டில், கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் சிலமுறை செய்து, இடையிடையே ஓய்வெடுப்பது நல்ல தொடக்கம். பயிற்சியின்போது முழு வாக்கியம் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். பயிற்சி செய்த அன்று நன்றாக இருந்து, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கடும் சோர்வு தாக்கினால், அதைச் சோம்பல் என்று எண்ணி மேலும் உந்தக் கூடாது. கோவிடுக்குப் பின் பலருக்கு இவ்வாறு நேர்கிறது. அப்போது அளவைக் குறைத்து, அன்றாட வேலைகளையும் பிரித்துச் செய்வதே முறை. குளிப்பதற்குக்கூட உட்கார ஒரு முக்காலி போட்டுக்கொடுத்தால், மிஞ்சும் தெம்பு நடைக்கு உதவும். தசை மீள்வதற்குப் புரதம் மிகுந்த உணவும் வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

நேரில் செல்ல இயலாதபோது காணொளி வழியாகவும் சிகிச்சை பெறலாம். தலை முதல் பாதம் வரை தெரியும்படி கைபேசியை நோயாளியின் பக்கவாட்டில் வைக்க வேண்டும்; சமநிலைப் பயிற்சிகளின்போது தாங்கிக்கொள்ள ஒருவர் அருகில் நிற்க வேண்டும். காணொளி வசதி இல்லையென்றால், வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும்படி சிகிச்சையாளரிடம் வற்புறுத்திக் கேளுங்கள்.