ஆம்ஸ்டர்டாமின் ஒரு யூத வீட்டை வகுப்பறையில் விளக்குவது எப்படி?

நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த வரலாற்றை நடத்தும்போது நம்மில் பலர் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்தே தொடங்கிவிடுகிறோம். அப்படித் தொடங்கினால், அங்கே கொண்டுசெல்லப்பட்ட சிறுவனுக்கு அதற்கு முன்பு ஒரு வீடும் பள்ளியும் மிதிவண்டியும் இருந்தன என்பது மாணவர் மனத்தில் பதிவதே இல்லை. ஆகவே, 1940 மே மாதம் ஜெர்மனி கைப்பற்றிய நெதர்லாந்தை எடுத்துக்கொண்டு, ஆம்ஸ்டர்டாமில் பத்து வயது யூதச் சிறுவன் ஒருவன் வளரும் வீட்டிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள். அச்சிறுவன் விளக்கத்திற்காக நாம் கற்பனையாக வைத்துக்கொண்டவன், யூதர்கள்மீது ஜெர்மானியர் பிறப்பித்த ஆணைகளே உண்மையான வரலாறு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, ஆணைகளைக் கால வரிசையில் கரும்பலகையில் எழுதி, அவை அந்த வீட்டில் யாருடைய அன்றாடத்தை மாற்றின என்று மாணவர்களையே எதிரில் எழுதச் சொல்லுங்கள். 1941 ஜனவரியில் யூதர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். அதே ஆண்டில் வானொலிப் பெட்டிகளை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. நீச்சல் குளங்களும் பூங்காக்களும் அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டன. செப்டம்பரில் பிள்ளைகள் யூதர்களுக்கான தனிப் பள்ளிகளுக்கு மாற்றப்பட்டனர். 1942 மே மாதம் முதல் ஆறு வயதுக் குழந்தையும் யூதர் என்று அடையாளம் காட்டும் மஞ்சள் துணி நட்சத்திரம் அணிய வேண்டும் என்றாயிற்று. அதையும் காசும் துணிப் பங்கீட்டுச் சீட்டும் கொடுத்து அவர்களே வாங்க வேண்டியிருந்தது.

1942 ஜூன் 30 அன்று வந்த ஆணைக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் குடும்ப வாழ்வை நேரடியாக நெரித்தது அதுவே. இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது. மாலை 3 முதல் 5 வரை மட்டுமே கடைக்குச் செல்லலாம். மிதிவண்டியும் டிராமும் இல்லை. யூதரல்லாதார் வீட்டுக்குள் நுழையவும் கூடாது. பங்கீட்டுப் பொருள் தீர்ந்துபோகும் நேரத்தில் கடைக்குச் செல்லும் தாய் இரவு உணவுக்கு என்ன செய்திருப்பார், வேலைக்கு எவ்வளவு தூரம் நடந்திருப்பார் தந்தை, பழைய நண்பனைச் சிறுவன் எங்கே சந்தித்திருப்பான் என்று கேளுங்கள்.

"ஏன் தப்பி ஓடவில்லை?" என்ற கேள்வி கட்டாயம் எழும். 1941 பிப்ரவரியில் பிடித்துச் செல்லப்பட்ட ஏறத்தாழ 400 யூத இளைஞர்களில் பெரும்பாலோர் மௌத்ஹௌசன் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டு, அவர்கள் இறந்த செய்தியே வீடுகளுக்கு வந்தது. 1942 ஜூலையில் வேலைக்கு என்று அழைப்பாணை வந்தபோது, போகாவிட்டால் அதே முகாம்தான் என்று மிரட்டினார்கள். சேமிப்பு ஜெர்மானியர் கட்டுப்பாட்டிலிருந்த வங்கியில் முடங்கியிருந்தது. ஒளிந்து வாழ்வதற்கோ பணமும் பங்கீட்டு அட்டையும், உயிரைப் பணயம் வைத்து இடம் தரும் மனிதரும் வேண்டும். கிடைத்தாலும் பெற்றோரையும் பிள்ளைகளையும் பெரும்பாலும் பிரித்தே வைக்க முடிந்தது. யூதர்களை அடைத்துவைத்த ஹோலண்ட்ஸே ஸ்கவ்பர்க் நாடக அரங்கின் எதிரிலிருந்த குழந்தைகள் காப்பகத்திலிருந்து நூற்றுக்கணக்கான குழந்தைகள் இரகசியமாகக் காப்பாற்றப்பட்டதையும் இங்கே சொல்லுங்கள்.

எண்களை இதற்குப் பிறகே தாருங்கள்: நாடு கடத்தப்பட்ட ஏறத்தாழ 1,07,000 பேரில் உயிரோடு திரும்பியவர்கள் சுமார் 5,000 பேர். மாணவர்களைச் சிறுவனாகவோ படைவீரனாகவோ நடிக்கச் செய்யாதீர்கள். அது அத்துயரை விளையாட்டாக்கிவிடும். மாறாக, தாம் எழுதிய பட்டியலில் ஓர் ஆணையைத் தேர்ந்தெடுத்து, அதை நிறைவேற்றிய எழுத்தர், காவலர், அண்டை வீட்டார் ஆகியோர் எந்தெந்த இடத்தில் மறுத்திருக்க முடியும் என்று அவர்கள் விவாதிக்கட்டும்.