ஜி6பிடி குறைபாடு: மருந்தால் வரும் ரத்தசோகையில் எங்கே தவறுகிறோம்?

ஜி6பிடி குறைபாடு உள்ள பலருக்கு அது இருப்பதே தெரியாது. சிவப்பணுவைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவு, அவ்வளவுதான். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இது உண்டு. சாப்பாடு, வேலை, விளையாட்டு எதிலும் வித்தியாசம் தெரியாது. சில மருந்துகள் உள்ளே போனால்தான் வம்பு: சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்து ரத்தசோகை வந்துவிடும்.

இதில் முக்கியமான மருந்து, விவாக்ஸ் மலேரியாவுக்கு 14 நாள் தரும் பிரைமாகுயின். மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். சிறுநீர் நிறம் மாறினாலும் ‘கோர்ஸை முடிக்கணும்’ என்று விடாமல் விழுங்குகிறோம். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் அறிகுறி தெரிந்துவிடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, இடுப்பு வலி, மூச்சு வாங்குவது இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குறைபாடு இருக்கிறது என்பதால் மலேரியா சிகிச்சையே இல்லை என்றும் பயப்பட வேண்டாம். மருத்துவர் கண்காணிப்பில் வாரம் ஒருமுறை வீதம் 8 வாரம் பிரைமாகுயின் தரும் முறை இருக்கிறது.

தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் டாப்சோன், புற்றுநோய் சிகிச்சையில் யூரிக் அமிலத்தைக் குறைக்கப் போடும் ராஸ்பூரிகேஸ், சில நச்சுப் பாதிப்புகளுக்கு ஊசியாகப் போடும் மெத்திலீன் நீலம் ஆகியவையும் ஆபத்தான பட்டியலில் வருபவை. சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின் எழுதினால் மருத்துவரிடம் குறைபாட்டைச் சொல்லிவிட வேண்டும். அதற்காக இணையத்தில் கிடைக்கும் நீளமான பட்டியலைப் பார்த்து, காய்ச்சலுக்கு வழக்கமான அளவில் பாராசிட்டமால் போடக்கூடப் பயப்படுவது வீண் வேலை. சாப்பாட்டிலும் இதே குழப்பம்தான். ஆகாதது ‘பிராட் பீன்ஸ்’ எனப்படும் ஃபாவா பயறு. நம்மூர் அவரைக்காய் வேறு செடி, அதை ஒதுக்க வேண்டியதில்லை.

கண் மஞ்சளானதும் கீழாநெல்லியைத் தேடி ஓடுவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே கோளாறு கல்லீரலில் இல்லை. உடைந்த சிவப்பணுக்களால் வரும் மஞ்சள் இது. மூலிகைச் சாறு குடித்துக்கொண்டு காத்திருக்கும் இரண்டு நாளில் ஹீமோகுளோபின் ரத்தம் ஏற்றும் அளவுக்கு இறங்கிவிடலாம். ரத்தசோகை என்றதும் கடையில் இரும்புச்சத்து டானிக் கேட்பதும் அப்படித்தான். குறைந்தது இரும்பு இல்லை, அதனால் டானிக்கால் பயனில்லை.

அப்புறம், பரிசோதனை எடுக்கும் நேரம். படித்தவர்களும் ஏமாறுகிற இடம் இது. 1950களில் அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறையில் கைதிகளுக்குப் பிரைமாகுயின் கொடுத்துச் சோதித்தார்கள். (இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது.) சிலருக்கு ரத்தசோகை வந்தது, ஆனால் மருந்தை நிறுத்தாமலேயே சில வாரங்களில் தேறிவிட்டார்கள். முதலில் உடைபவை வயதான அணுக்கள். புதிதாக வரும் இளம் அணுக்களில் நொதி சற்று அதிகம், அவை தாக்குப்பிடிக்கும். எல்லா வகைக் குறைபாட்டிலும் இப்படித் தேறுவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. காரணம் நொதிக் குறைவுதான் என்பது 1956இல் வெளியானது. சரி, இதற்கும் பரிசோதனைக்கும் என்ன தொடர்பு? ரத்தம் உடைந்துகொண்டிருக்கும்போதோ முடிந்த கையோடோ நொதி அளவைப் பார்த்தால், எஞ்சியிருக்கும் இளம் அணுக்களால் ‘நார்மல்’ என்று வந்துவிடலாம். அந்தக் காகிதத்தை நம்பிக் கோப்பை மூடிவிடக்கூடாது. சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களிடம் அதிகம். ‘பெண்களுக்கு வராது’ என்பது தவறு. இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் மட்டும் இந்த மரபணு பாதிக்கப்பட்ட பெண்ணின் சில சிவப்பணுக்களில் நொதி சரியாகவும் சிலவற்றில் குறைவாகவும் இருக்கும். சாதாரணப் பரிசோதனையில் அது தப்பிவிடலாம்.

பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் மாத்திரையை விட முதலில் பார்க்க வேண்டியது பீரோவை. தூளி கட்டப் பாட்டியின் பழைய பருத்திப் புடவையை எடுப்போம். மடிப்புக்குள் அந்துருண்டை கிடந்திருக்கும். நாப்தலீனில் செய்த உருண்டை என்றால், அந்த ஆவியும் துணியில் ஏறிய வாசனையுமே குறைபாடுள்ள குழந்தையின் ரத்தத்தை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரலாம். குழந்தைத் துணி இருக்கும் இடத்தில் அந்துருண்டையே வேண்டாம்.

சர்க்கரை நோயும் சேர்ந்து உள்ளவர்கள், மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி அளவை மட்டும் நம்பக்கூடாது. சிவப்பணுக்களின் ஆயுள் குறைந்தால் அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் எடுக்கும் அளவுகளையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள்.